அவர்களைப் பற்றிய ஆய்வில் அவர்களுக்கு என்ன வேலை?

தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநங்கையர், திருநம்பியர், ஊடுபாலினர் ஆகியோரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் ஆராயும் முறைகளுள் ஒன்று சமூகப் பங்கேற்பு ஆய்வு. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, கிடைத்த விடைகளை என்ன செய்வது ஆகியவற்றை அந்தச் சமூகத்தவரும் ஆய்வாளர்களும் சேர்ந்து முடிவு செய்வது இம்முறை. படிவம் நிரப்பித் தருவதற்கும் ஆள் திரட்டித் தருவதற்கும் மட்டும் அவர்களை அழைத்தால் அது இந்த வகையில் சேராது. இம்முறையைப் பற்றியும் இது கண்டு சொன்னவற்றைப் பற்றியும், படித்தவர்களிடையேகூடப் பிழையான எண்ணங்கள் சில ஆழ வேரூன்றியிருக்கின்றன.

“சம்பந்தப்பட்டவர்களே ஆய்வில் இருந்தால் நடுநிலை போய்விடும்”

சம்பந்தப்பட்டவர்களை வெளியே நிறுத்திய காலத்து ஆய்வுகள்தாம் மிக மோசமாகத் தவறின. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தன்பாலீர்ப்பைப் பற்றி எழுதிய மருத்துவர்கள் பெரும்பாலும் சிறைக் கைதிகளையும் மனநல மருத்துவமனை நோயாளிகளையும் பார்த்தே எழுதினார்கள். அந்த இடங்களில் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் துயரமும் மனக்குலைவும் மிகுதியாகத்தான் தெரியும். அப்படிக் கண்டதை வைத்து, தன்பாலீர்ப்பே ஒரு மனநோய் என்று பாடநூல்களில் எழுதப்பட்டது.

அதை முதலில் உலுக்கியவர்களுள் ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றிய உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர். அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர். மருத்துவமனைக்கும் சிறைக்கும் போகாமல் இயல்பாக வாழ்ந்துகொண்டிருக்கும் தம் போன்றவர்களை ஆராயும்படி ஹூக்கரிடம் வற்புறுத்தியவர் அவர்தான். மேட்டச்சைன் சொசைட்டி என்ற தன்பாலீர்ப்பாளர் அமைப்பு ஆட்களை அறிமுகப்படுத்தியது. சட்டம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கருதிய காலம் என்பதால், பிறர் கண்ணில் படாதபடி தம் வீட்டிலேயே வைத்து ஹூக்கர் அவர்களைச் சந்தித்தார். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், எதிர்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர். வயது, கல்வி, நுண்ணறிவு ஆகியவற்றில் ஒத்தவர்கள் இணை இணையாகச் சேர்க்கப்பட்டார்கள். ரோர்ஷாக் மைக்கறைச் சோதனை உள்ளிட்ட சோதனைகளுக்கு அவர்கள் தந்த விடைகள், யாருடையவை என்ற குறிப்பு இல்லாமல், துறையில் பெயர் பெற்ற மூன்று வல்லுநர்களிடம் கொடுக்கப்பட்டன. எந்த விடை எந்தக் குழுவினருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரு குழுவிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் மனநிலை சராசரி, அல்லது அதைவிட மேல் என்றே மதிப்பிட்டார்கள்.

1957இல் வெளிவந்த இந்த ஆய்வுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வலு கிடைத்தது. பெயர் மறைத்துத் தந்த மதிப்பீடு நடுநிலையைக் காத்தது. சமூகத்தின் நம்பிக்கையோ, அதுவரை மருத்துவர்கள் பெரும்பாலும் பார்த்திராத மனிதர்களை ஆய்வுக்குள் கொண்டுவந்தது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதற்கு முன்னோடியான ஆய்வுகளில் இது முதன்மையானது.

“மறைந்து வாழ்பவர்களை எப்படிக் கணக்கெடுப்பது? கிடைப்பது நண்பர் வட்டத்துப் பேச்சுதான்”

வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கில் இவர்கள் விடுபடுவது உண்மை. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிற’ என்ற பிரிவில் பதிவானவர்கள் 4,87,803 பேர்; தமிழ்நாட்டில் 22,364 பேர். வீட்டில் இருக்கும் ஒருவர் எல்லோருக்குமாகச் சொல்லும் விடை அது. பிள்ளையைத் திருநங்கை என்றோ திருநம்பி என்றோ ஏற்காத குடும்பம் அந்தக் கட்டத்தைக் குறிக்கச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் அந்த வீட்டின் கணக்கிலேயே வரமாட்டார். பாலீர்ப்பைப் பற்றிய கேள்வியோ கணக்கெடுப்பில் இல்லவே இல்லை.

இதற்கென ஒரு வழியை அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தான் 1997இல் வகுத்துத் தந்தார். சமூகத்தில் பலதரப்பட்ட தொடர்புடைய சிலரிடமிருந்து ஆய்வு தொடங்கும். ஒவ்வொருவருக்கும் சில சீட்டுகள்தாம் தரப்படும். அவற்றைக் கொண்டு தமக்குத் தெரிந்தவர்களை அவர்கள் அழைத்துவரலாம். சீட்டுகள் குறைவு என்பதால் ஒரே ஆளின் நண்பர்கள் ஆய்வை நிறைத்துவிட முடியாது. ஒருவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்றும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். நிறையப் பேரைத் தெரிந்தவர் ஆய்வுக்குள் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால், கணக்கில் அவருடைய எடை அதற்கேற்பக் குறைக்கப்படும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் திருநர் (திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்டோர்) நலம் பற்றிய ‘ட்ரான்ஸ் பல்ஸ்’ திட்டம் 2009–10இல் இந்த முறையில் 433 பேரிடம் தகவல் திரட்டியது. அந்தத் திட்டத்தை வகுத்தவர்களிலும் திருநர் இருந்தனர்.

“மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அவர்கள் பிறவியோடு வந்தவை”

உயிரையே குடிக்கக்கூடிய நம்பிக்கை இது. இவர்களிடையே மனச்சோர்வு மிகுந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை யாரும் மறுக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்க ஆய்வாளர் ஐலன் மேயர் 2003இல் விரிவாக வகுத்துச் சொன்ன ‘சிறுபான்மை மனஅழுத்தம்’ என்ற கோட்பாடு அதற்கு விடை தருகிறது. ஏச்சும் அடியும் ஒருபுறம். எப்போது தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் காத்திருக்கும் பதற்றம் மறுபுறம். ஊர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத் தன்னையே வெறுக்கத் தொடங்கும் நிலை இவற்றுக்கெல்லாம் மேல். இவை நாள்தோறும் சேர்ந்து உடலையும் மனத்தையும் அரிக்கின்றன.

இதை எண்களில் காட்டியது ஒண்டாரியோ ஆய்வு. அதில் பங்கெடுத்த 16 முதல் 24 வயது வரையிலானவர்களில், பெற்றோரின் உறுதியான ஆதரவு இல்லாதவர்களில் 57 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். ஆதரவு இருந்தவர்களில் அந்த அளவு 4 விழுக்காடு. சான் பிரான்சிஸ்கோவில் கெயிட்லின் ரயன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது: பதின்வயதில் குடும்பத்தின் புறக்கணிப்புக்கு மிகுதியாக ஆளானவர்கள், அது இல்லாத அல்லது குறைவாக இருந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகக் கூறினர். ஒரே சமயத்தில் எடுத்த இத்தகைய கணக்குகள் காரண காரியத்தை முழுமையாக நிறுவிவிடா. ஒண்டாரியோ ஆய்வில் இந்த வயதினர் எண்ணிக்கையும் சிறியது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பிறவிக் கோளாறு என்று சொல்லி ஒதுக்க வழியில்லை. பிள்ளையின் பிறவி மாறவில்லை, வீடுதான் வேறுபட்டிருக்கிறது.

சென்னையில் வெங்கடேசன் சக்கரபாணியும் பிறரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, கோத்தி (ஆண்களை விரும்பும், பெண்தன்மை கொண்ட ஆண்) என்று தம்மை அடையாளப்படுத்திக்கொள்வோரின் அனுபவங்களை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தது. காவலர், அக்கம்பக்கத்தார், குடும்பத்தார், மருத்துவப் பணியாளர் எனப் பல தரப்பிலிருந்தும் வரும் வன்முறை, எச்ஐவி அபாயத்தோடு எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதை அது விளக்கியது.

‘கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்’, ‘டாக்டரிடம் காட்டினால் மாற்றிவிடலாம்’ என்ற பேச்சுக்கும் இங்கேயே விடை உண்டு. மாற்ற வேண்டிய நோய் எதுவும் இல்லை. மாற்ற முயல்வது, ஏற்கெனவே உள்ள அழுத்தத்தோடு வீட்டாரின் நிராகரிப்பையும் சேர்க்கிறது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’க்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழியாக உத்தரவிட்டது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, அது மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது.

“எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?”

எச்ஐவி தடுப்புக்கு வந்த நிதிதான் இந்தியாவில் பல அமைப்புகளை நிலைநிறுத்தியது. அதே நிதி, பெண்களை விரும்பும் பெண்களையும் திருநம்பியரையும் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாதவர்களாக்கியது. தொற்று அபாயப் பட்டியலில் அவர்களுக்கு இடம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப மும்பையின் லேபியா என்ற குழுவினர் தாங்களே முனைந்தார்கள். பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட 50 பேரின் வாழ்க்கையைக் கேட்டு, குடும்பம், பள்ளி, வேலை, பொது இடம், மருத்துவம் என விரித்து 2013இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். எச்ஐவிக்கு அப்பாலும் தேவைகள் உண்டு என்பதை ஒண்டாரியோ ஆய்வும் காட்டுகிறது: அதில் பங்கெடுத்தவர்களில் 21 விழுக்காட்டினர், திருநர் என்பதாலேயே, தேவைப்பட்ட நேரத்திலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் தவிர்த்திருந்தார்கள். நெஞ்சுவலிக்கும் எலும்பு முறிவுக்கும் பயன்பட வேண்டிய கதவு அது.

“ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்”

சிறிய ஊரில் வயது, தொழில், தெரு ஆகிய மூன்றை எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயரை நீக்குவது மட்டும் பாதுகாப்பாகாது. எந்த விவரம் எங்கே ஆபத்து என்பது அந்த ஊரில் வாழ்பவருக்குத்தான் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 அறநெறி வழிகாட்டுதல்கள், பாலியல் சிறுபான்மையினர் பற்றிய ஆய்வைப் பரிசீலிக்கும்போது அறநெறிக் குழுக் கூட்டத்தில் அச்சமூகத்தின் பிரதிநிதி ஒருவர் இருப்பது விரும்பத்தக்கது என்கின்றன.

சமூகப் பங்கேற்பு என்று சொன்னாலே எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று ஆகிவிடாது. அமைப்போடு தொடர்புள்ளவர்களும் நகரத்தில் இருப்பவர்களும் எளிதில் அகப்படுவார்கள். ஜமாத் எனப்படும் திருநங்கையர் சமூக அமைப்பு வழியாகத் திருநங்கையரை அணுக முடிகிற அளவுக்குத் திருநம்பியரை அணுக முடிவதில்லை. திருமணமாகி, கணவர் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வாழும் தன்பாலீர்ப்புள்ள பெண்ணிடம் எந்தச் சீட்டும் போய்ச் சேராது. அதனால்தான் நல்ல குழுக்கள் நேர்காணல் செய்வோரை வெவ்வேறு சாதி, ஊர், வயதிலிருந்து சேர்க்கின்றன; அவர்களுடைய உழைப்புக்கு ஊதியம் தருகின்றன; முடிவுகளை அச்சேற்றும் முன் பங்கெடுத்தவர்களிடம் அவர்களுடைய மொழியிலேயே சொல்லிக்காட்டித் திருத்தம் கேட்கின்றன.