பட்டியலில் முன்னே வர வழி உண்டா?

என் கணவருக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட இனி இடமில்லை என்கிறார்கள். என் சிறுநீரகத்தைத் தரலாம் என்றால் ரத்த வகை அவருக்குச் சேரவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பதிவுப் பட்டியலில் அவரை முன்னால் கொண்டுவர முடியுமா?
– ஒரு வாசகி, திருச்சி

கேட்டுப் பார்க்க வலுவான காரணம் உங்களிடம் இருக்கிறது, அம்மா. டயாலிசிஸ் கைகொடுக்கிறது என்பதால் சிறுநீரக நோயாளிக்கு ‘அவசரம்’ என்ற முத்திரை எளிதில் கிடைக்காது. அந்த டயாலிசிஸுக்கே வழி அடைபட்டால் கதை வேறு. தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் வழிகாட்டுதலில், ஃபிஸ்டுலாக்கள் எல்லாம் செயலிழந்தவருக்குக் கூடுதல் புள்ளி உண்டு. தமிழ்நாட்டில் பட்டியலைக் கையாள்வது டிரான்ஸ்டான் ஆணையம். எந்த ஃபிஸ்டுலா எப்போது அடைத்தது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் இந்த வாரமே கொடுங்கள். ஆணையத்துக்கு அவர் வழியாகத்தான் போக வேண்டும்.

அதுவரை வயிற்று வழி டயாலிசிஸ் ஒத்துவருமா என்று கேளுங்கள். அதற்கு ஃபிஸ்டுலா வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் சிறுநீரகம் வீணில்லை! இதே சிக்கலில் உள்ள வேறொரு குடும்பத்துடன் மாற்றிக்கொள்ளும் ‘ஸ்வாப்’ முறையை 2011 சட்டத் திருத்தம் அனுமதிக்கிறது. பட்டியலில் காத்திருந்தபடியே இதற்கும் பெயர் கொடுங்கள். காத்திருக்கும் காலத்தில் உங்கள் கணவருக்கு ரத்தம் ஏற்றச் சொன்னால், தவிர்க்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதனால் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கும்.