போன மாதம் எவ்வளவு இருந்தான்?

எடை போடும் நாளில் பால்வாடி வாசலில் தாய்மார்கள் கூடிவிட்டால் ஒப்பீடுதான் முதலில் தொடங்கும். "அவ பையன் பதினேழாமே டீச்சர், இவன் பதிமூணரையிலயே நிக்கிறானே" என்று முகம் வாடிப் போவார்கள். மாமியாரும் கூட வந்திருந்தால் அன்றைக்கு அந்த மருமகள் பாடு திண்டாட்டம்தான். டெல்டா கிராமம் ஒன்றில் நெடுங்காலமாக அங்கன்வாடி ஊழியராக இருக்கிறேன். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "போன மாசம் எவ்வளவும்மா இருந்தான்?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி நாலு வயது நிறைந்த பையனின் நடுத்தர எடை 16.3 கிலோ. 12.7-க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு. பெண் குழந்தைக்கு இவை 16.1, 12.3. ஒல்லியான அப்பா அம்மாவுக்குப் பிறந்த பிள்ளை பதிமூன்றரை கிலோவில் இருந்து, மாதாமாதம் சிறுகச் சிறுக ஏறி, ஓடியாடித் திரிந்தால் எனக்குக் கவலை இல்லை. பதினேழு கிலோப் பிள்ளை மூன்று மாதமாக ஒரே இடத்தில் நின்றால் உட்காரவைத்து விசாரிப்பேன்.

அப்படி நின்ற ஒரு பையனைச் சொல்கிறேன். கொழுகொழுவென்று இருப்பான். வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. மத்தியானச் சோற்றில் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. மற்ற பிள்ளைகள் முற்றத்தில் ஓடும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். ஒருநாள் பலப்பத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான். கையைப் பிரித்தால் பாதிதான் மீதி. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. மண், பலப்பம், சுவர்க்காரை என்று பிள்ளை தின்னத் தொடங்கினால் அதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவா என்று பாருங்கள்.

விசாரித்ததில், அவன் நாளெல்லாம் பால்தான் குடித்துக்கொண்டிருந்தான். காலையில், மதியத் தூக்கத்துக்கு முன், எழுந்ததும், ராத்திரி என்று ஒவ்வொரு டம்ளர், கூடவே பிஸ்கட். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றையும் நிரப்பிவிடுவதால் சோறு, கீரை, முட்டைக்கு இடமில்லாமல் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. இவனுக்கு அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. மருந்து கொடுத்தார்கள், பாலை நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்தச் சொன்னார்கள்.

இரும்புச்சத்து மருந்து பாதியில் நிற்பதற்கு ஒரு காரணத்தை அடிக்கடி பார்க்கிறேன். மலம் கறுப்பாகப் போகும். தாய் பயந்துபோய் பாட்டிலை மூடி வைத்துவிடுவாள். அதனால் மருந்தைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன். பாலோடும் டீயோடும் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொஞ்சம் சேர்ந்தால் சத்து நன்றாக உடம்பில் பிடிக்கும். குடித்ததும் வாய் கொப்பளிக்க வைத்தால் பல்லில் கறை படியாது. குடற்புழு மாத்திரையையும் தவற விடாதீர்கள்.

"சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்ற புலம்பலுக்கும் போன மாதக் கணக்கே மருந்து. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. இரண்டு வயதுக்குப் பிறகோ வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோதான் கூடும், உயரம் ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். எடை ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையின் பின்னால் செல்போனும் கிண்ணமுமாக ஓட வேண்டியதில்லை. எங்கள் ஆயா அழகாகச் செய்வார். தட்டில் கொஞ்சமாகப் போட்டு, பிள்ளையின் கையாலேயே எடுத்துச் சாப்பிடவிட்டு, கேட்டால் மறுபடி போடுவார். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. வீட்டில் முட்டையைத் தொடாத பிள்ளைகூட வரிசையில் உட்கார்ந்தால் தின்றுவிடும்.

எடையை நம்ப வேண்டுமென்றால் போடுவதைச் சரியாகப் போட வேண்டும். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, செருப்பு, கனத்த கொலுசு, சட்டைப்பையில் உள்ள கோலிக்குண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் நிறுத்துங்கள். ஒரு மாதம் நூறு கிராம் குறைந்ததற்காக அழ வேண்டாம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து போன மாதம் அப்படித்தான் இருக்கும். அடுத்த இரண்டு மாதத்தில் மீள்கிறதா என்று பாருங்கள்.

பேச்சுக்கும் இதே பார்வைதான். மூன்று வயதில் மூன்று சொல்லாவது சேர்த்துப் பேச வேண்டும், வெளியாளுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். வராவிட்டால், "இவ அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான் டீச்சரம்மா" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. ஒரு சிறுமியைப் பிடிவாதக்காரி என்றே வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். எப்போதும் சளி, வாய் திறந்தபடி தூக்கம். பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முன்னால் வந்து கூப்பிட்டால் சிரிப்பாள். காது டாக்டர் பார்த்தபோது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவள் பாட்டுக்கு முதல் ஆளாக எழுந்து நின்றாள். பேச்சு தாமதமானால் முதலில் காதைச் சோதியுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்களை ஒரு குழந்தை இழக்கத் தொடங்கினாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை மருத்துவக் குழு வரும். அவர்கள் மூலமாகவோ நேரடியாகவோ மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்குக் கூட்டிப் போகலாம். பேச்சுப் பயிற்சி அங்கே இலவசம்.

அறுவடை முடிந்ததும் எங்கள் ஊரிலிருந்து திருப்பூருக்கும் செங்கல் சூளைக்கும் கிளம்புகிற குடும்பங்களிடம் பாத்திரம் பண்டத்தோடு குழந்தையின் எடையும் தடுப்பூசியும் குறித்த அட்டையையும் எடுத்து வைக்கச் சொல்கிறேன். போகிற ஊர் அங்கன்வாடியில் அதைக் காட்டினால் எடையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஐந்து வயதுக்கு மேல் போட வேண்டிய டிபிடி ஊக்கத் தடுப்பூசி, நான் பார்த்தவரை, இந்தக் குடும்பங்களில்தான் அதிகம் விட்டுப்போகிறது. அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.