தீவுக்குக் கிளம்பும் கோலார் தங்கவயல் பிள்ளைகளுக்கு

மாரிக்குப்பத்தில் ரயிலேறி ராமேசுவரம் போய், தீவுத்தீவாகக் கயாக் ஓட்டப் போகிறீர்களாம். நல்லது. மகளைப் பாம்பனில் கட்டிக்கொடுத்தவன், சுரங்கத்தில் இறங்கிய கிழவன், சொல்கிறேன்.

1. நினைத்த தீவில் இறங்க முடியாது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. குருசடைத் தீவுக்குக் குந்துகாலிலிருந்து வனத்துறையே படகு விடுகிறது. ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

2. துடுப்புப் பிடித்தே ஆகவேண்டும் என்றால் தொண்டிப் பக்கம் காரங்காடு போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். கை அங்கே பழகட்டும்.

3. காற்றைக் கேட்டுப் போங்கள். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. அந்த ஊர்க்காரர்கள் தெற்கை ஆண்கடல் என்பார்கள், வடக்கைப் பெண்கடல் என்பார்கள். ஆடிக்காற்றில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் சும்மா இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசினால் பெண்கடல்தான் ஆளைப் புரட்டும். செல்போனில் வானம் பார்த்தது போதாது. படகோட்டி ‘இன்னைக்கு வேணாம்’ என்றால் வேணாம்தான். நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை முனகுகிறது, வெளியே வா என்று பழைய ஆள் சொன்னால், நாங்கள் நின்று வாதாடியதில்லை.

4. நம் பேத்தமங்கலம் ஏரியில் நீந்தியவனுக்கும் மிதவைச் சட்டை கட்டாயம். ஏரியில் நீரோட்டம் இல்லை, கடலில் உண்டு.

5. பவளப்பாறை உயிருள்ளது. அதன்மேல் கால் ஊன்றாதீர்கள், நங்கூரம் போட விடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அதற்கும் கடல் அட்டைக்கும் பாதுகாப்பு உண்டு. ஞாபகத்துக்கு ஒரு துண்டு என்று பையில் போட்டால் வழக்கு வரும். ஆவுளியா, அதாவது கடற்பசு, கண்ணில் பட்டால் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். கடற்புல் மேய்கிற அந்தப் பிராணிக்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் ஒதுக்கியிருக்கிறார்கள்.

6. விலாங்குசல்லியையும் பூவரசன்பட்டியையும் தேடாதீர்கள். சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டிவெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் இரண்டும் மூழ்கிவிட்டன. 21 என்பது இப்போது கணக்குக்குத்தான். வேறு ஊர்க்காரனுக்கு இது விளங்க நேரமாகும். நம் ஊரில் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், தங்கம் போயிற்று, சயனைடு கழிவு மேடு நமக்கு மிச்சம். அதைப் பார்த்த பிறகும் தீவுக்குப் போய் பிளாஸ்டிக் பாட்டிலை வீசுகிறவன் நம் ஊர்ப் பிள்ளையே இல்லை.

7. அந்தத் தீவுகளைச் சுற்றித் தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்களைப் பூங்காச் சட்டம் தள்ளி நிறுத்தியது. டிக்கெட் வாங்கிய நமக்கு வழி விடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆகவே பெரிய ஓட்டலைத் தேடாமல் மீனவர் வீட்டுச் சோற்றைக் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், படகுக்கூலியில் பேரம் பேசாதீர்கள். மாசி, பங்குனியில் கடல் இரண்டு பக்கமும் அநேகமாக அமைதியாக இருக்கும், அப்போது போய்வாருங்கள்.