லேசர்க் கண் சிகிச்சை: பயனும் செலவும் இடரும்

கொல்கத்தாவின் கிழக்கே, சால்ட் லேக் பகுதியை அடுத்துத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட புதிய நகரம் நியூ டவுன். கணினித் தொழில் நிறுவனங்கள் பல அங்கு இயங்குகின்றன. நாள் முழுவதும் திரையை நோக்கிப் பணியாற்றும் இளைஞர்களுள் கண்ணாடி அணிவோர் பலர். கண் மருத்துவ நிலையங்களும் அங்குப் பெருகியுள்ளன. சென்னையில் 1978ஆம் ஆண்டு டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் இந்நகரில் ஒரு கிளை கொண்டுள்ளது. கண்ணாடியை நிரந்தரமாகக் கழற்றிவிடலாமா என்னும் வினா இத்தகைய நகரங்களில் நாள்தோறும் எழுவது இயல்பே. சிற்றூர்ப் பள்ளிகளிலும் இவ்வினா இன்று கேட்கப்படுகிறது. கேட்போர்க்கு விடை கூற வேண்டிய நிலையில் உள்ள களப்பணியாளரும் ஆசிரியரும் இச்சிகிச்சையின் அடிப்படையை அறிந்திருத்தல் நலம்.

முதலில் மனத்திற்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. கண்புரைக்குச் செய்யப்படும் அறுவை, நோயுற்ற உறுப்பைச் சீர்செய்வது. லேசர்ச் சிகிச்சையோ கண்ணாடி அணிந்தால் நன்றாகப் பார்க்கக்கூடிய, நோயற்ற கண்ணில் செய்யப்படுவது. எனவே, இடர் சிறிதாயினும் அதனைத் துல்லியமாக எடைபோட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

கண்ணில் நிகழ்வது என்ன?

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடியைப்போல் அமைந்துள்ள தெளிவான படலம் கார்னியா எனப்படும். கண்ணின் மொத்த ஒளி குவிக்கும் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் சுமார் 43 டயாப்டர் கார்னியாவினுடையது. அதன் நடுப்பகுதியின் தடிப்பு சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணில், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகிறது. கார்னியாவின் நடுப்பகுதியைச் சிறிது தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னே நகர்ந்து விழித்திரையில் விழும். லேசர்ச் சிகிச்சையின் தத்துவம் இவ்வளவே.

கார்னியாவை மாற்றியமைக்கும் எண்ணம் லேசருக்கு முற்பட்டது. 1970களில் மாஸ்கோவைச் சேர்ந்த டாக்டர் ஸ்வியாத்தோஸ்லாவ் ஃபியோதரோவ், கத்தியால் ஆரக்கால்போலக் கீறல்கள் இட்டுக் கிட்டப்பார்வையைக் குறைக்கும் முறையைப் பரப்பினார். தொடக்கத்தில் இது பெரும் வெற்றியாகத் தோன்றியது. அமெரிக்காவில் இம்முறைக்குட்பட்ட கண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1994இல் முடிவு வெளியிட்டனர். 43 சதவீதக் கண்கள் 1 டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்துவிட்டமை அப்பொழுது புலனாயிற்று. முதல் மாதத்தின் தெளிவைக் கொண்டு ஒரு சிகிச்சையை மதிப்பிடலாகாது என்பது இதனால் கிடைத்த பாடம்.

சென்னையில் பிறந்த விஞ்ஞானியின் பங்கு

கத்திக்கு மாற்றாக லேசர் வந்த வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்ற ரங்கஸ்வாமி ஸ்ரீனிவாசன், பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அங்கு ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் எக்ஸைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிர்க் கருவியைக் கொண்டு ஆய்வு நடத்திவந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்தில் எஞ்சிய வான்கோழி இறைச்சியை ஆய்வுக்கூடத்திற்குக் கொணர்ந்து அதன்மீது இக்கதிரைச் செலுத்தினார். அருகிலுள்ள திசு கருகவில்லை. கதிர் பட்ட இடம் மட்டும் செதுக்கியதுபோல் நீங்கியது.

இக்கதிரின் அலைநீளம் 193 நானோமீட்டர். கார்னியா இதனை மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. கதிர் உள்ளே ஊடுருவுவதில்லை. ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ கால் மைக்ரான் அளவே திசுவை நீக்கும். நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் 1983இல் ஸ்ரீனிவாசனுடன் சேர்ந்து இதனைக் கார்னியாவில் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தார். மேற்பரப்பில் நேரடியாகச் செய்யும் பி.ஆர்.கே. முறைக்கு 1995இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. கார்னியாவில் மெல்லிய மடல் ஒன்றைத் திறந்து, அடியிலுள்ள திசுவைச் சீவி, மடலை மீண்டும் மூடுவது லாசிக் முறை. சிறு துளை வழியே வில்லை வடிவத் திசுவை வெளியே எடுப்பது ஸ்மைல் முறை. இக்கண்டுபிடிப்பிற்காக ஸ்ரீனிவாசனும் அவருடைய கூட்டாளிகளும் 2013இல் அமெரிக்க அதிபரிடமிருந்து தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றனர்.

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அது செய்வது கழித்தல் கணக்கே. நீக்கிய திசு மீண்டும் வளர்வதில்லை. ஆதலின் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நீக்கப்படும், எவ்வளவு எஞ்சும் என்பனவே முதல் மூன்று வினாக்கள்.

கார்னியாவின் கணக்கு

6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பரப்பில் சிகிச்சை செய்யும்பொழுது, ஒரு டயாப்டர் திருத்தத்திற்குச் சுமார் 12 மைக்ரான் ஆழம் நீக்கப்பட வேண்டும். கருவிக்கேற்ப இது சற்று மிகுவதும் உண்டு. லாசிக் மடலின் தடிப்பை 110 மைக்ரான் எனக் கொள்க. மடல் திரும்ப மூடப்பட்டாலும் கண்ணுக்கு முன்போல் வலிமை தருவதில்லை. ஆகவே அதனையும் கழிக்க வேண்டும். அடியில் 250 மைக்ரானேனும் எஞ்ச வேண்டும் என்பது பழைய வரையறை. 300 எஞ்சுவது மேல் என்று கருதுவோர் பலர். மடலும் நீக்கிய திசுவும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் 40 சதவீதத்தை எட்டினால் இடர் மிகும் என்பது பின்னர் வந்த வரையறை.

கீழ்க்காணும் இருவரும் எடுத்துக்காட்டிற்காகக் கொள்ளப்பட்டவர்.

முதலாமவர்: நியூ டவுனில் கணினிப் பணி புரிபவர், வயது 27, கண்ணாடி எண் மைனஸ் 4, மூன்றாண்டுகளாக மாற்றமில்லை, கார்னியாவின் தடிப்பு 540 மைக்ரான். நீக்க வேண்டிய ஆழம் 48, மடல் 110, கூட்டுத்தொகை 158. எஞ்சுவது 382 மைக்ரான். கழிந்த பங்கு 29 சதவீதம். இவருக்குக் கணக்கு இடம் கொடுக்கிறது.

இரண்டாமவர்: வயது 22; கண்ணாடி எண் மைனஸ் 8; சென்ற ஆண்டு அது மைனஸ் 7.25 ஆக இருந்தது. கார்னியாவின் தடிப்பு 485 மைக்ரான். நீக்க வேண்டிய ஆழம் 96, மடல் 110, கூட்டுத்தொகை 206. எஞ்சுவது 279 மைக்ரான். பழைய வரையறைப்படி இவர் தேறுகிறார். ஆனால் கழிந்த பங்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. எண்ணும் இன்னும் நிலைபெறவில்லை. இவர் இப்பொழுது லாசிக் செய்துகொள்ளுதல் தகாது. எண் நிலைபெற்ற பின், கண்ணுக்குள் வில்லை பொருத்தும் வேறு முறை ஏற்குமா என ஆராயலாம்.

கார்னியா அளவுக்கு மீறி மெலிந்தால், கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காது முன்புறம் புடைத்துப் பார்வை குலையக்கூடும். இது அரிது, வெளியான ஆய்வுகளில் பத்தாயிரத்தில் சிலர் முதல் ஆயிரத்தில் சிலர் வரை என மாறுபடுகிறது. எனினும் நேர்ந்துவிட்டால் கண்ணாடியாலும் முழுமையாகத் திருத்த இயலாது. கார்னியா இயற்கையாகவே கூம்பு வடிவங்கொள்ளும் நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்க்கு இவ்விடர் மிக அதிகம். அந்நோய் தடிப்பை அளப்பதால் மட்டும் புலப்படாது. கார்னியாவின் வளைவை வரைபடமாகக் காட்டும் பரிசோதனை இன்றியமையாதது. இவ்வரைபடமின்றிச் சிகிச்சைக்கு நாள் குறித்தல் கூடாது.

அடிக்கடி நேரும் துன்பங்கள்

அரிதாக நேரும் கேட்டினும் பலரைத் தொடுவன கண் உலர்ச்சியும் இரவில் விளக்கைச் சுற்றித் தோன்றும் ஒளிவளையமும் ஆகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் தொடங்கிய ஆய்வில், முன்பு பார்வைத் தொல்லை ஏதுமில்லாதிருந்தவருள் 46 சதவீதம் வரை, சிகிச்சைக்கு மூன்று மாதங்களுக்குப் பின் ஏதேனுமொரு புதிய தொல்லையைக் கூறினர். முன்பு உலர்ச்சி இல்லாதிருந்தவருள் 30 சதவீதம் வரை உலர்ச்சியைக் கூறினர். அதே ஆய்வில், 95 சதவீதத்திற்கு மேற்பட்டோர் தம் பார்வை குறித்து மனநிறைவு தெரிவித்தனர். அன்றாடப் பணிக்கே பெரும் இடையூறு என்றவர் 1 சதவீதத்திற்கும் குறைவு. இவ்விரு செய்திகளும் ஒருங்கே உண்மை. முன்னதை மட்டும் கூறி அச்சுறுத்துவதும், பின்னதை மட்டும் கூறி ஆசையூட்டுவதும் தவறு.

குளிரூட்டிய அறையில் திரையை நோக்குவோர் இமைப்பது குறைவு; அவர்க்குக் கண் முன்னரே உலர்ந்திருக்கக்கூடும். இரவில் வாகனம் ஓட்டுவோர்க்கு ஒளிவளையம் தொழிலையே பாதிக்கலாம். ஆகவே கண்ணீர்ப் பரிசோதனையும், இருட்டில் பாவை விரியும் அளவும் முன்கூட்டியே அறியப்பட வேண்டும்.

பணத்தின் கணக்கு

இந்தியாவில் இரு கண்களுக்கும் ஆகும் செலவு, முறைக்கும் நிலையத்திற்கும் ஏற்ப, சில பத்தாயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சத்திற்கு மேலும் செல்லும். கணக்கிற்காக 70,000 ரூபாய் எனக் கொள்க. இரண்டாண்டுக்கொரு முறை 3,000 ரூபாய்க்குக் கண்ணாடி மாற்றுபவர்க்கு இருபதாண்டுகளில் 30,000 ரூபாய்தான் ஆகும். அவர் பணத்தை மிச்சப்படுத்தச் சிகிச்சை செய்துகொள்வதாகக் கூறுதல் பொருந்தாது. மாதம் 1,000 ரூபாய்க்குக் காண்டாக்ட் லென்ஸ் வாங்குபவர்க்கோ ஆறாண்டுகளில் 72,000 ரூபாய் ஆகிவிடும். மேலும், காண்டாக்ட் லென்ஸுடன் உறங்குவதாலும் அதனைக் குழாய்நீரில் கழுவுவதாலும் கிருமித் தொற்று நேரும் இடர் உண்டு. ஆகவே சிகிச்சையை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

காப்பீடு குறித்தும் தெளிவு வேண்டும். இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டின் பொது விதிப்படி, 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைத் திருத்தத்திற்குச் செலவு ஈடுசெய்யப்படுவதில்லை. 7.5 டயாப்டருக்கு நீக்க வேண்டிய ஆழம் 90 மைக்ரான், மடலுடன் 200. கார்னியா 500 மைக்ரானாயின் அது சரியாக 40 சதவீதம். அதாவது, காப்பீட்டின் கதவு திறக்கத் தொடங்கும் இடத்திலேயே பலருக்குக் கார்னியாவின் கதவு மூடத் தொடங்குகிறது. காப்பீடு கிடைக்கும் என்பது கண் ஏற்கும் என்பதற்குச் சான்றன்று.

நாற்பது வயதை நெருங்குவோர்

ஆசிரியருள் பலர் இப்பிரிவினர். நாற்பது வயதையொட்டி அனைவர்க்கும் வெள்ளெழுத்து வருகிறது; லேசர் அதனைத் தடுப்பதில்லை. மைனஸ் 2.5 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 40 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள புத்தகத்தைத் தெளிவாகப் படிக்கலாம். இயற்கையாக அமைந்த இவ்வசதியைச் சிகிச்சை நீக்கிவிடும். பின்னர் விடைத்தாள் திருத்தவே கண்ணாடி வேண்டியிருக்கும். நாள் முழுவதும் படிப்பவர்க்கு இம்மாற்றம் இலாபமா நட்டமா என்பதை அவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிட்டப்பார்வையால் நீண்டுவிட்ட கண்கோளம் சிகிச்சைக்குப் பின்னும் நீண்டே இருக்கும். ஆதலின் விழித்திரை கிழியும் இடர் மறைவதில்லை. ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. மெலிந்த கார்னியாவில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பிற்காலத்தில் கண்புரைக்குப் பொருத்தும் வில்லையின் எண்ணைக் கணிப்பதும் கடினமாகும். எனவே சிகிச்சைக்கு முந்திய அளவுகள் அடங்கிய தாள்களை வாழ்நாள் முழுவதும் பாதுகாத்தல் வேண்டும்.

களப்பணியாளர் கேட்க வேண்டியவை

1. வயது 18 நிறைந்ததா? எண் ஓராண்டேனும் நிலையாக உள்ளதா?
2. கருவுற்றிருத்தல், பாலூட்டல், கட்டுப்படாத நீரிழிவு, மூட்டுவாதம் போன்ற நோய்கள் உண்டா? குடும்பத்தில் கார்னியாக் கூம்பு நோய் உண்டா?
3. அளவெடுப்பதற்கு முன் மென்மையான காண்டாக்ட் லென்ஸ் இரண்டு வாரமேனும் நிறுத்தப்பட்டதா? கெட்டியானதாயின் இன்னும் நீண்ட காலம் வேண்டும்.
4. தடிப்பு, வளைவு வரைபடம், கண்ணீர், விழித்திரை ஆகிய நான்கும் பரிசோதிக்கப்பட்டனவா?
5. கூறப்பட்ட கட்டணம் ஒரு கண்ணுக்கா, இரண்டிற்குமா? பின்பரிசோதனையும் மறுதிருத்தமும் அதில் அடங்குமா?
6. படை, இரயில்வே போன்ற பணிகளுக்கு முயல்பவராயின், அப்பணியின் மருத்துவ விதி இச்சிகிச்சையை ஏற்கிறதா?

ஐயமிருப்பின், சிகிச்சையால் வருவாய் பெறாத இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறுதல் நலம். 1819இல் தொடங்கப்பட்டு இன்று சென்னை எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையும், கொல்கத்தா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த வட்டாரக் கண் மருத்துவ நிலையமும் இத்தகைய அரசு நிலையங்கள்.

பள்ளிப் பயிற்சி

மேல்வகுப்பு மாணவர், கார்னியாவின் தடிப்பு 500, 520, 560 மைக்ரான் எனவும், கண்ணாடி எண் மைனஸ் 2, 5, 9 எனவும் கொண்டு, எஞ்சும் தடிப்பையும் கழிந்த பங்கையும் அட்டவணையிடலாம். எண் ஒன்றேயாயினும் இருவர்க்கு விடை வேறுபடுவதை அவர்கள் தாமே காண்பர். நண்பர்க்கு நலம் பயந்த சிகிச்சை தமக்கும் நலம் பயக்கும் எனக் கருதுதல் தவறு என்பது அவ்வட்டவணையால் விளங்கும்.