கைப்பேசி மௌனமானால் பணம் வரவில்லை என்று பொருளா?

"பணம் அனுப்பிவிட்டேன்" என்கிறார் வாடிக்கையாளர். நம் கைப்பேசியோ மௌனம். உடனே அவரைச் சந்தேகிக்கலாமா?

நாம் சந்தேகித்தோம். பல வருடப் பழக்கமுள்ள மளிகைக்காரரின் சர்க்கரை மூட்டைகளை வண்டியில் ஏற்றவிடாமல் நிறுத்தினோம். அரை மணி கழித்துத் தகவல் வந்தது. பணம் அப்போதே வரவாகியிருந்தது!

காரணம் என்ன? பல செயலிகள் ஒரே நேரத்தில் இயங்கினால் சார்ஜ் சீக்கிரம் தீரும். எனவே பின்னணியில் இருப்பவற்றைக் கைப்பேசியே அடக்கி வைக்கிறது. ஐபோனில் 2010 வரை பிற நிறுவனச் செயலிகள் பின்னணியில் இயங்க அனுமதியே இல்லை. ஆண்ட்ராய்டில் 2015 முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளுக்கு இணையத் தொடர்பு விட்டுவிட்டே கிடைக்கிறது. பொழுதுபோக்குக்குப் போன் வைத்திருப்பவருக்கு இது பெரிதல்ல. கல்லாவில் இருக்கும் நமக்குப் பெரிது.

செய்ய வேண்டியவை:

1. பணம் பெறும் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

2. தகவல் வராவிட்டால் செயலியைத் திறந்து வரவைப் பாருங்கள். வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்பவும் வேண்டாம்.

3. பார்த்து முடிக்கும்வரை கடுஞ்சொல் வேண்டாம்.

வரவைப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த மளிகைக்காரரைச் சமாதானப்படுத்த நாம் இரண்டு முறை அவர் கடைப்படி ஏற வேண்டியதாயிற்று.