உறங்கும் கணினியை யார் எழுப்பலாம்?

உயர்தர வகுப்பில் எனது செயற்றிட்டத்தைச் சமர்ப்பிக்க வேண்டிய காலையில், புத்தகப்பையிலிருந்து எடுத்த மடிக்கணினி அடுப்பால் இறக்கிய சட்டி போலச் சுட்டது. பற்றரியும் முற்றாக இறங்கிவிட்டது. உறங்க வைத்து மூடித்தானே கொண்டுவந்தேன்! நல்ல வேளையாக ஆசிரியை ஒரு நாள் அவகாசம் தந்தார். வீட்டில் நானாவுடன் பதிவுக்கோப்பைத் திறந்தால், பஸ்ஸில் வந்த நேரத்தில் மட்டும் அது பதினொரு தடவை விழித்து விழித்து உறங்கியிருந்தது.

குற்றவாளி நான்தான். சுட்டியைத் தொட்டாலே கணினி எழும்ப வேண்டுமென்று அமைப்பை மாற்றியிருந்தேன். கம்பியில்லாச் சுட்டியும் அதே பையில் குலுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

தோழிகளே, எனது கணினியில் இருப்பது லினக்ஸ் பணிசெயல் முறைமை. உறங்கச் சொன்னதும் அதன் மையமான கேர்னல், ஒவ்வொரு சாதனத்தின் செலுத்தியையும் அழைத்து நிறுத்தச் சொல்கிறது. பிள்ளைச் சாதனங்கள் முதலில், அவை இணைந்துள்ள தாய்ச் சாதனம் பிறகு. விழிக்கும்போது இது தலைகீழ். பிள்ளைகள் படுத்த பின் உம்மா விளக்கணைப்பதும், காலையில் அவரே முதலில் எழும்புவதும் போல.

இங்கே ஆற்றல் வேறு, அனுமதி வேறு. 'இச்சாதனத்தால் எழுப்ப முடியும்' என்று அறிவிப்பது செலுத்தி. 'எழுப்பலாம்' என்று சொல்வது பயனர். அந்த அனுமதி 'வேக்அப்' என்ற சிறு கோப்பில் ஒரே சொல்லாக இருக்கும். செலுத்தி சாதனத்தை நிறுத்தும்போது அனுமதியைப் பார்க்க வேண்டும். அனுமதி இருந்தால் எழுப்பும் சமிக்ஞைக்கான வழியைத் திறந்து வைக்க வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். யூ.எஸ்.பி. விசைப்பலகைக்கு இந்த அனுமதி தொடக்கத்திலேயே உண்டு, சாதாரண சுட்டிக்கு இல்லை. ஏனென்று எனது பையைக் கேட்டால் சொல்லும்!

பாதிச் சாதனங்கள் உறங்கிய கணத்தில் ஒரு சமிக்ஞை வந்தால்? அது கவனிக்கப்படாமலே கணினி உறங்கிவிடலாம். 2010இல் வெளியான 2.6.36 கேர்னலில் இதற்கொரு எண்ணி வந்தது. உறங்க வைக்கும் நிரல் முதலில் எண்ணியை வாசித்து, அதே எண்ணைத் திருப்பி எழுதும். இடையில் புதிய சமிக்ஞை வந்திருந்தால் எண் பொருந்தாது, எழுதுவது தோற்கும், உறக்கம் கைவிடப்படும். வாசலில் ஆள் நிற்கக் கதவைப் பூட்டக் கூடாதல்லவா?

சுட்டியின் கோப்பில் 'டிசேபிள்ட்' என்று எழுதினேன். மறுநாள் பை குளிர்ந்தே இருந்தது. இப்போது எழுப்புவதற்கு விசைப்பலகையைத்தான் தட்டுகிறேன். மூடியிருக்கையில் அதை எவரும் தட்ட முடியாது.