தோட்டத்தில் ஒரு பின்னக் கணக்கு

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமரம் என்னும் தோட்டம் உள்ளது. பெயரைக் கேட்டால் தென்னைதான் நினைவுக்கு வரும். ஆனால், அது புகழ்பெற்றது செம்பனையால். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது அங்கேதான். 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே அதனைத் தொடங்கினார். பிற்காலத்தில் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டு, அந்நிலங்களில் செம்பனை நடப்பட்டது.

இம்மாற்றத்தை ஒரு கணக்காக்கிப் பார்ப்போம். ஒரு தோட்டத்தின் 3/4 பகுதியில் ரப்பர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த ரப்பர் நிலத்தில் 2/3 பங்கு செம்பனைக்கு மாறியது. அப்படியானால், முழுத் தோட்டத்தில் எவ்வளவு பங்கு மாறியது? தொகுதியைத் தொகுதியாலும் பகுதியைப் பகுதியாலும் பெருக்கி, 6/12 என்று உடனே எழுதிவிடலாம். விடை சரிதான். ஆனால், ஏன் அப்படிப் பெருக்குகிறோம் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள்.

ஒரு சதுரம் வரையுங்கள். அதுவே முழுத் தோட்டம். மேலிருந்து கீழாகக் கோடுகள் போட்டு, 4 சம பத்திகளாகப் பிரியுங்கள். மூன்று பத்திகளுக்கு மஞ்சள் தீட்டுங்கள். அது ரப்பர் நிலம். இனி, இடமிருந்து வலமாகக் கோடுகள் போட்டு, 3 சம வரிசைகளாக்குங்கள். இக்கோடுகள் வண்ணம் தீட்டாத பத்தியையும் கடந்து சதுரத்தின் ஓரம்வரை செல்ல வேண்டும். பலர் கோட்டை மஞ்சளோடு நிறுத்திவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு, மஞ்சள் நிலத்தில் இரண்டு வரிசைகளுக்கு மட்டும் மேலே நீலம் தீட்டுங்கள். பச்சையாகத் தெரியும் கட்டங்களே புதிய செம்பனை நிலம். எண்ணினால் 6 கட்டங்கள் வரும்.

எத்தனை கட்டங்களில் 6? மஞ்சள் தீட்டிய 9 கட்டங்களோடு ஒப்பிட்டால் 6/9, அதாவது 2/3. அது ரப்பர் நிலத்தின் பங்கு. கேள்வியிலேயே அது இருக்கிறது. நமக்கு வேண்டியது முழுத் தோட்டத்தின் பங்கு. நான்கு பத்திகளும் மூன்று மூன்றாகப் பிரிந்ததால் சதுரத்தில் 12 கட்டங்கள் உள்ளன. எனவே, விடை 6/12, அதாவது 1/2. தோட்டம் 240 ஏக்கர் என்றால், ரப்பர் நிலம் 180 ஏக்கர். அதில் செம்பனைக்கு மாறியது 120 ஏக்கர். அது 240இல் சரிபாதிதானே?

பெருக்கினால் எண் கூடத்தானே வேண்டும், இங்கே ஏன் குறைந்தது என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பங்கில் ஒரு பங்கை எடுக்கிறோம், அதனால்தான் குறைகிறது. நம் முன்னோர் இதைச் சொல்லிலேயே வைத்தார்கள். காலில் பாதி அரைக்கால். அச்சொல்லே 1/2 × 1/4 = 1/8 என்னும் பெருக்கல்தான். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியைப் பார்த்து இத்தகைய கீழ்வாய் இலக்கங்களை மனப்பாடம் செய்தார்கள். அரைக்காலில் பாதிக்கு மாகாணி என்று பெயர். அதைக் காட்ட ஒரு சதுரத்தில் எத்தனை கட்டங்கள் வேண்டும்? வரைந்து பாருங்கள்.